தூங்கவிட்ட வரிசை

“அறுக்க மாட்டாதவன் இடுப்புல அம்பத்தெட்டு அருவாளாம். உன்னைப் பாத்துத்தான் எவனோ சொல்லிக்கீறான்.”

மச்சான் இப்படிச் சொன்னபோது என் லேப்டாப்பில் ஆறு கம்பெனிகளின் பக்கங்கள் திறந்து கிடந்தன. ஆறும் டேட்டாபேஸ் வாடகைக்கு விடுகிற கம்பெனிகள். மச்சான் என்றால் உறவு இல்லை, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. படாளத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊரில் நெல் அறுக்கிற மிஷின் வைத்திருக்கிறான். நான் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கிறவன். ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றது. கடையில் ஆள் வராத நேரத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொண்டேன். யாரும் கற்றுக்கொடுக்காமல் கற்றுக்கொண்டவனுக்கு ஒரு வியாதி உண்டு. தனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் அரிக்கும். எனக்கு அது கொஞ்சம் அதிகம். ஜனங்கள் போகிற போக்கில் சொல்லுகிற பழமொழிகளையும் பொறுக்கி வைத்திருந்தேன், சொல்லுகிறபோது நடுவில் தூவுவதற்கு.

டேட்டாபேஸ் என்பது வேறொன்றுமில்லை, ஓர் ஆப்பின் ஞாபகம். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்பதெல்லாம் உட்காருகிற இடம். அந்த இடத்தை நாமே கட்டிக் காவல் காக்கலாம். அல்லது இடமும் கொடுத்து, காவலும் போட்டு, ஒட்டடையும் அடித்துத் தருகிற கம்பெனியிடம் வாடகைக்கு எடுக்கலாம். கல்யாணத்துக்கு நாமே அடுப்பு மூட்டுவதற்கும் சமையல் காண்ட்ராக்ட் விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்தாற்போல் அறைகள் வாடகைக்கு விடுகிற ஒரு சின்ன தங்கும் விடுதிக்காக நான் அப்போது ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தேன். அதன் ஞாபகத்தை எந்தக் கம்பெனியில் வைப்பது என்பதற்குத்தான் அந்த ஆறு பக்கங்கள். ஒன்றிரண்டு பார்த்து ஒன்றை எடுத்திருக்கலாம். எனக்கு அது போதவில்லை. ஆறிலும் கணக்கு திறந்து, ஒரே தகவலை ஆறிலும் ஏற்றி, கட்டம் போட்டு ஒப்பிட்டேன். மாத வாடகை எவ்வளவு, சர்வர் மும்பையிலா சிங்கப்பூரிலா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் கதவைத் தட்டலாம், அளவு மீறினால் என்ன செய்வார்கள், பிடிக்கவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறுவது சுலபமா. மாமல்லபுரம் கடற்கரையில் சிக்னல் இழுத்து இழுத்து வருகிற இடத்தில் நின்று வேகம் பார்த்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்று பார்த்தேன். நல்லதற்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், ஆகாததற்குச் சிவப்பு. தேர்தல் முடிவு மாதிரி இருந்தது அந்த அட்டவணை.

ஆறில் ஒன்று காசே கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு வாரம் யாரும் வராவிட்டால் டேட்டாபேஸ் தூங்கிவிடும், நாம் போய் எழுப்ப வேண்டும். அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. எழுத்து சின்னது. அந்தத் தூக்கத்துக்கு நான் பச்சை போட்டேன். வேலை இல்லாத நேரத்தில் தூங்கினால் நமக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். இன்னொரு கம்பெனி தினமும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கும். அதற்கு மாதம் கேட்டது ஒரு குடும்பம் ஒரு தரம் ஓட்டலில் சாப்பிடுகிற காசு. அதற்கு மஞ்சள் போட்டேன்.

விடுதி ஆப்பை இலவசத்தில் வைத்தேன். தினமும் யாராவது அறை கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். அது ஒரு நாளும் கண் அசரவில்லை. என் பச்சை சரிதான் என்று எனக்குத் தோன்றிப்போனது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முட்டுக்காட்டில் காயலைப் பார்த்த ஒரு டீக்கடையில் ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் பழைய மாமல்லபுரம் சாலையில் ஐ.டி. ஆபீஸ்களில் இருக்கிறவர்கள். கூட்டுகிறவர் அணுபுரத்தில் குடியிருக்கிற ஒரு பொறியாளர். நாங்கள் சார் என்போம். அன்றைக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். டிகிரி வாங்கியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு பேசுகிறேன். வார்த்தை தண்ணீராக ஓடியது.

சார் ஒரு கேள்வி கேட்டார். “இந்தத் தூங்குறது சரி, தம்பி. ரொம்ப நாள் தூங்கினா என்ன பண்ணுவாங்க?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல ஒரு விநாடி போதும். நான் சொன்னது இது: “சார், தானமா குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?”

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் மேசையைத் தட்டினார். சாரும் சிரித்துவிட்டு டீயை எடுத்தார். கேள்வி காயலில் போட்ட கல் மாதிரி உள்ளே போய்விட்டது. அட்டவணையை அன்றைக்கே எல்லாரும் தங்கள் குழுக்களில் அனுப்பினார்கள். எனக்கு ஒரு வாரம் தரையில் கால் படவில்லை.

மச்சான் ஐம்பத்தெட்டு அரிவாள் என்று கேலி பண்ணிய அன்றைக்கே ஒன்று கேட்டும் வைத்திருந்தான்: “எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு மச்சான். அறுப்பு வந்தா என் வாயும் செல்லும் ரெண்டும் சூடாவுது.”

அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். சம்பா நடவு முடிந்த கையோடு மிஷினுக்குப் பெயர் கொடுத்துவிட வேண்டும். யார் முதலில் நட்டார்களோ அவர்கள் நெல் முதலில் முற்றும், அவர்கள் வயலில்தான் மிஷின் முதலில் இறங்கும். மச்சானுடையது பெல்ட் வண்டி, டாங்கி மாதிரி. சேற்றிலும் போகும். டயர் வண்டிகள் ஈர வயலில் புதைந்துகொள்ளும். ஆகவே ஏரிக்குக் கீழே இருக்கிற பள்ளத்து வயல்காரர்கள் எல்லாரும் அவனைத்தான் நம்பியிருந்தார்கள். புரட்டாசி, ஐப்பசியில் டீக்கடைக்கு வந்து அவனிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். தையில் அவன் யாருக்கு முன் யார் என்று மறந்துபோய் ஏச்சு வாங்குவான்.

நான் அவனுக்கு ஓர் ஆப் செய்து கொடுத்தேன். பெயர், வயல் இருக்கிற இடம், நட்ட நாள். அமுக்கினால் உங்கள் எண் இத்தனை என்று காட்டும். அவ்வளவுதான். எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. அட்டவணை இருக்கிறதே! பச்சை இருக்கிறதே!

வீட்டிலிருந்தே போடலாம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஆண்கள் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. டீக்கடைக்கே வந்தார்கள். மச்சான் செல்லில் அவனை விட்டே போடச் சொன்னார்கள். போட்டு முடித்ததும் ஒரே கேள்வி. “எனக்கு முன்னாடி யாரு?” கடையில் கடைசியாகப் போட்டவர் பெயரை அவன் ஞாபகத்திலிருந்து சொல்வான். அந்த ஆள் கடையிலேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “ஏ, உனக்குப் பின்னாடி நானு, பாத்துக்க” என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அப்போது உள்ளுக்குள் சிரிப்பு. கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருக்கும்போது இவர்கள் எதற்கு மனுஷனிடம் ஒப்படைக்கிறார்கள் என்று.

கடைக்கு வராமல் தானே போட்டது ஒரே ஒருவர். ஓர் அக்கா. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதக் கணக்கில் வெளியூர். மதகுக்குக் கீழே, இருக்கிறதிலேயே பள்ளமான வயலைக் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் செய்தார். செல் டிஸ்ப்ளே மாற்ற என் கடைக்கு வந்தபோது ஆப்பைக் காட்டினேன்.

“அப்போ டீக்கடையில போயி ஆம்பளைங்க நடுவுல நிக்க வேணாம்?”

“வேணாங்கா. வூட்டுலயே போட்டுடலாம்.”

“போன வருசம் எங்க வூட்டுக்காரரு ஊருல இல்ல. நான் போயி நின்னேன். ‘ஆம்பள யாரும் இல்லியா’ன்னு கேக்குறானுங்க. இல்லாமதானே நான் வந்து நிக்குறேன்! இது நல்லா கீது தம்பி. நீ நல்லா இருப்ப.”

நட்ட அன்று சாயந்தரம் கரையில் உட்கார்ந்தபடியே போட்டாராம். பிறகு எனக்குக் கூப்பிட்டு, “போட்டுட்டேன் தம்பி, நெம்பர் காட்டுச்சு” என்றார். அந்த வாழ்த்தும் அந்தக் குரலும் எனக்கு முட்டுக்காட்டுக் கைதட்டலைவிட இனித்தன. எண் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

ஐப்பசியோடு பெயர் கொடுப்பது முடிந்தது. நட்ட நெல் முற்றும்வரை அந்த ஆப்பில் யாருக்கும் வேலை இல்லை. கார்த்திகை, மார்கழி இரண்டும் அதைத் தொடாமலே போயின. விடுதிக்கு ஆட்கள் தினமும் வருவார்கள். நெல்லுக்கு அப்படியா? நட்டபோது ஒரு தரம், அறுக்கும்போது ஒரு தரம். நடுவில் இருப்பதெல்லாம் காத்திருப்பு. வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். கடற்கரையில் போட்ட கணக்கையே வயலிலும் போட்டேன்.

பொங்கல் முடிந்தது. கடலில் ஏதோ சுழல்கிறது, தை மழை வரும் என்று செய்தியில் சொன்னார்கள். அறுப்பைத் தொடங்கிவிடலாம் என்று மச்சான் டீக்கடையில் பத்துப் பேர் சுற்றி நிற்க ஆப்பைத் திறந்தான். சக்கரம் சுற்றியது. பிறகு வெள்ளைத் திரை.

“மச்சான், இன்னாடா இது, ஒண்ணியும் காணோம்?”

கடையில் ஒரு செல்லைப் பிரித்துப் போட்டிருந்தேன். அப்படியே விட்டுவிட்டுக் கம்பெனிப் பக்கத்தில் நுழைந்தேன். அப்படி ஒரு டேட்டாபேஸே இல்லை என்றது. இலவசக் கணக்குக்காக நான் தனியாக ஒரு ஈமெயில் தொடங்கியிருந்தேன், தொடங்கிய பிறகு திறந்ததே இல்லை. இப்போது திறந்தேன். வரிசையாகக் கடிதங்கள், ஒவ்வொன்றும் மரியாதையாக. உங்கள் டேட்டாபேஸ் தூங்குகிறது. இன்னும் தூங்குகிறது. ஒன்றரை மாதம் ஆகப்போகிறது, எழுப்பாவிட்டால் நீக்கிவிடுவோம். நீக்கிவிட்டோம். கடைசிக் கடிதத்தில், உங்களை மறுபடி பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்று ஒரு வரி.

மாடு தன் பல்லைத் தானே திறந்து திறந்து காட்டியிருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. டீக்கடையில் போய் நின்று, “எல்லாம் போயிடுச்சு. என் தப்பு” என்றேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவர்களுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

“போனா போவுது. எனக்கு முன்னாடி மேட்டுத்தெருக்காரன். இன்னா, உண்டா இல்லியா?”

“உண்டு. எனக்கு முன்னாடி இவரு.”

“எனக்குப் பின்னாடி நீதானே? சொல்லிட்டுப் போனியே, வெங்காய பஜ்ஜி துன்னுகினே.”

ஒருவர் கையை ஒருவர் பிடித்தாற்போல் வரிசை தானாகக் கோத்துக்கொண்டு வந்தது. டீ ஆறுவதற்குள் முதலிலிருந்து கடைசிவரை முடிந்துவிட்டது. நான் கட்டிக்கொடுத்த ஞாபகம் போன இடம் தெரியவில்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போன ஞாபகம் அப்படியே இருந்தது. எனக்குப் பெருமூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு வெட்கப்படுகிறேன்.

யாரோ சொல்லி அந்த அக்கா வந்தார். அவர் சாலையோரத்திலேயே நின்றுவிட்டார், கடைக்குள் வரவில்லை.

“என் பேரு எங்க வருது?”

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தக் கோவையில் அவர் பெயர் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவனுக்கும் தெரியாது, பின்னால் இருந்தவனுக்கும் தெரியாது. அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் போடவில்லை. என்னை நம்பி, வயல் கரையில் தனியாக உட்கார்ந்து போட்டவர்.

“நான் போன்ல போட்டேன். ஏழுன்னு காட்டுச்சு.”

“ஏழு நான்தானே” என்றார் ஒருவர், கோபமில்லாமல். “ஆறாவது ஆளு இதோ நிக்கிறாரு. கேட்டுக்க.”

அவர்கள் பொய் சொல்லவில்லை. கடையில் பார்த்த முகங்களை வைத்து எண்ணினார்கள். நடுவில் நுழைந்த ஒரு பெயரை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ சொல்லு.”

என்னிடம் சொல்லுவதற்கு என்ன இருந்தது? போட்டுட்டேன் என்று கூப்பிட்டது தெரியும். எண் தெரியாது. யாருக்கு அடுத்து என்பதும் தெரியாது. நான் சொன்னேன்: “அக்கா பொய் சொல்ல மாட்டாங்க.”

சொன்ன மறுநொடியே தப்பு புரிந்தது. அதுவரை அது ஓர் எண்ணைப் பற்றிய பேச்சு. நான் அதை ஒரு பொம்பளையின் யோக்கியதையைப் பற்றிய பேச்சாக மாற்றிவிட்டேன்.

“அப்போ நாங்க பொய் சொல்றமா?” என்று ஒரு குரல் எழும்பியது. “மழ வந்துகினு கீது, இவரு சர்ட்டிபிகேட்டு குடுக்குறாரு.”

மச்சான் நடுவில் புகுந்தான். “த, அவன் அப்பிடிச் சொல்லல. பள்ளத்து வயலு, கொஞ்சம் முன்னாடி வுட்டுக் குடுங்கப்பா.”

“எல்லாமே பள்ளம்தான். எவன் நெல்லு எவனுக்கு எளப்பம்?”

 அவரவர் நெல் அவரவருக்கு. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“வுடு தம்பி. கடைசியிலயே போடு.”

திரும்பி நடந்துவிட்டார். மச்சான் என்னைக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். அவன் கேட்காமலே முட்டுக்காட்டு ஜோக்கை அவனிடம் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவன் அதை மறக்கவில்லை.

“தானம் குடுத்த மாட்டுப் பல்லை நீ பாரு, பாக்காத போ. அது உன் பாடு. ஆனா கொண்டாந்து கட்டுனது அடுத்தவ வூட்டு வாசல்ல மச்சான்.”

நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொலவடைகள் கேட்டிருக்கிறேன். கேட்டதும் மனதில் குறித்துக்கொள்வேன். இதைக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மிஷின் அந்த அக்கா வயலுக்கு வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. முற்றிய நெல் கதிரோடு சாய்ந்து தண்ணீரில் படுத்துக்கொண்டது. மழை விட்டதும் பெல்ட் வண்டியை இறக்கிப் பார்த்தான் மச்சான். கரையோரம் கொஞ்சம் அறுத்தது. உள்ளே போனதும், படுத்த நெல்லைப் பிடிக்க முடியாமல் மிதித்துக்கொண்டு போயிற்று. அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். மீதியை ஆட்களை வைத்துக் கையால் அறுப்பது என்று ஆயிற்று.

நான் போனேன். போகாமல் கடையில் உட்கார முடியவில்லை. பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். நாலைந்து பெண்கள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். கரையில் கிடந்த ஓர் அரிவாளை எடுத்தேன். பிடியைப் பிடித்த விதத்திலேயே என் லட்சணம் தெரிந்துவிட்டது போல. படுத்த நெல்லைத் தூக்கிப் பிடித்து அடியில் அறுக்க வேண்டும். நான் நடுவில் அறுத்து, கதிரைத் தண்ணீரிலேயே சிந்தினேன்.

“யக்கா, இன்னா இது, சேத்துல நெல்லைச் சிந்துறதுக்கு நீ வெச்ச ஆளா?” என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அக்கா நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நீ எதுக்கு தம்பி எறங்குற? உன் செல்லு நனைஞ்சிடப் போவுது. கரைக்குப் போ. போயி அந்தத் தூக்குல டீ கீது, ஊத்திக் குடி.”

கரையில் ஏறி நின்றேன். ஐம்பத்தெட்டு அரிவாள் என்று மச்சான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். இப்போது கையில் ஒன்றே ஒன்று, அதிலும் சேறு. கதிரில் சில மணிகள் வெள்ளையாக முளை விட்டிருந்தன. கொள்முதல் நிலையத்தில் முளைத்த நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. தூக்கில் இருந்த டீயை நான் தொடவில்லை. பிறகு அக்காவே வந்து ஊற்றிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டேன். 

அந்த வாரமே மச்சானின் ஆப்பை அந்த மஞ்சள் கம்பெனிக்கு மாற்றினேன், தினமும் பிரதி எடுக்கிற கம்பெனிக்கு. பெயர் போட்டதும் எண்ணும், முன்னால் இருப்பவர் பெயரும் போட்டவருக்குக் குறுஞ்செய்தியாகப் போகும்படியும், எனக்கும் ஒன்று வரும்படியும் செய்தேன். முட்டுக்காட்டில் அடுத்துக் கூடியபோது நானே கேட்டு எழுந்து நின்றேன். என் அட்டவணை அதற்குள் எனக்குத் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய்விட்டிருந்தது. “அண்ணா, உங்க அட்டவணையைப் பாத்துத்தான் முடிவு பண்ணோம்” என்று முகம் தெரியாதவர்களிடமிருந்து செய்தி வரும். ஒவ்வொரு நன்றியையும் திறக்கப் பயந்தேன். எத்தனை இடத்தில் எது தூங்கிக்கொண்டிருக்கிறதோ.

“அந்த மாட்டு ஜோக்கு ஞாபகம் இருக்கா?” என்று தொடங்கினேன். சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்கள். சிரித்து அடங்கட்டும் என்று நின்றேன். பிறகு பள்ளத்து வயலைச் சொன்னேன். அக்கா ஏழு என்று சொன்னதையும், நான் சொன்ன சாட்சியையும் சொன்னேன். காயலில் ஒரு படகு சத்தம் போட்டுக்கொண்டு போனது. 

அட்டவணையில் ஒரு கட்டம் சேர்த்திருந்தேன்: ‘யாருமே வராவிட்டால் என்ன ஆகும்?’ ஆறு கம்பெனிக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். பதில் எல்லாவற்றிலும் இருந்தது. ஒருவரும் மறைக்கவில்லை. தேடியவனுக்குக் கிடைக்கும் இடத்தில்தான் எழுதியிருந்தார்கள்.

கலைந்து போகும்போது சார் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று சொன்னார்: “நான் அன்னைக்கு இன்னொரு தரம் கேட்டிருக்கணும்பா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சிட்டேன்.” அவர் என் பாரத்தில் ஒரு பங்கைத் தூக்கத்தான் அதைச் சொன்னார். எனக்குப் பாரம் கூடிற்று. கேட்கத் தெரிந்த ஒரு மனுஷனின் கேள்வியையும் அல்லவா என் வாய் அமுக்கியிருக்கிறது.

மறுபடி புரட்டாசி வந்தது. நடவு நடந்தது. ஒரு சாயந்தரம் கடையில் இருக்கும்போது செல்லில் மணி அடித்தது. அந்த அக்காவின் பெயர், பள்ளத்து வயல், நட்ட நாள், எண் நான்கு. தானே போனில் போட்டிருக்கிறார்! மறுபடி என்னை நம்பியிருக்கிறார்! கடையை அப்படியே மூடிவிட்டுப் பைக்கை எடுத்தேன். மச்சானிடம் நேரில் சொல்ல வேண்டும் போலிருந்தது.

டீக்கடையில் வழக்கமான கூட்டம். மச்சானிடம் செல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா வருவதைப் பார்த்தேன். நட்டுவிட்டு நேராக வந்திருக்கிறார், முழங்கால்வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. போன தடவை மாதிரி சாலையோரத்தில் நிற்கவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்றார். 

“கடைசி யாருப்பா?”

 மூலையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“நானுதான்.”

“உனக்குப் பின்னாடி நானு. மூஞ்சைப் பாத்துக்க. தையில கேட்டா தெரியாதுன்னு சொல்லாத.”

“தெரியும் போ” என்றார் அவர், டீயைக் கீழே வைத்துவிட்டு.

அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில், அகப்பட்டுக்கொண்டவர் போல ஒரு சங்கடம். எனக்கு முன்னால் அவருக்கு என்ன சங்கடம்? ஆனாலும் வந்தது. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், குழந்தையைச் சமாதானம் பண்ணுகிற மாதிரி சொன்னார்:

“போன்லயும் போட்டுட்டேன் தம்பி. மெசேஜும் வந்துடுச்சு. நல்லாதான் கீது.”

நான் தலையாட்டினேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் காலிலிருந்து காய்ந்த சேறு கடைத் தரையில் உதிர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.